புதுப்பிப்பு: நிஞ்சா 650-இல் மணிக்கட்டு வலி போய்விட்டது, டாமினார் 400-ஐ விற்கவில்லை

நிஞ்சா 650, டாமினார் 400 என்று இரண்டு பைக்குகள் வீட்டில் நிற்கின்றன, நீண்ட பயணத்துக்கு எதை வைத்துக்கொள்வது, நிஞ்சாவில் மணிக்கட்டு வலிக்கிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஹேண்டில்பார் ரைசர் (கைப்பிடியை உயர்த்தும் துண்டு) வாங்கத் தேவைப்படவில்லை. பிரேக், கிளட்ச் லீவர்களைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்வரை திருப்பினேன். ஐந்து நிமிட வேலை. டேங்கை முழங்காலால் இறுக்கிப் பிடித்ததும் உள்ளங்கையில் பாரம் குறைந்தது. அப்புறம் சென்னையிலிருந்து மதுரை வரை ஓட்டிப் பார்த்தேன். கை மரத்துப்போகவே இல்லை. தப்பு வண்டியில் இல்லை, நான் வைத்திருந்த விதத்தில்தான்.

நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட நிஞ்சாவின் 649 சிசி இரட்டை சிலிண்டருக்கு ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலே போதும். டாமினாரின் 373 சிசி ஒற்றை சிலிண்டருக்கு ஒரு கியர் இறக்கியாக வேண்டும். டேங்க் நிஞ்சாவில் 15 லிட்டர், டாமினாரில் 13 லிட்டர். பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

எதிர்பாராத விஷயம்: டாமினாரை விற்கலாம் என்றிருந்தேன், மனைவி விடவில்லை. “திருவண்ணாமலைக்கு என்றால் இதில்தான் வருவேன்” என்கிறார். சரி, இரண்டும் நிற்கட்டும்.