புதுப்பிப்பு: தாத்தா கேமரா ஷட்டர் திறந்துருச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, தாத்தாவோட 35 எம்எம் கேமரால லீவர் ஓடுது, பட்டனை அமுக்கினா ஷட்டர் மட்டும் திறக்கலன்னு, அது சரியாயிருச்சு மக்களே. லென்ஸ் முன்கண்ணாடியை கழட்டிப் பாத்தா ஷட்டரோட அஞ்சு பிளேடும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கெடக்கு, ஃபோகஸ் கிரீஸ்ல இருந்து கசிஞ்ச எண்ணெய்தான், நம்மூரு சித்திரை வெயில்ல பரண்ல கெடந்தா வேறென்ன ஆகும். டவுன்ஹால் ரோட்டுல செல்போன் சர்வீஸ் அண்ணன்ட்ட ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சட்டுனு காயுற கிளீனர்) கொஞ்சம் வாங்கி, பட்ஸ்ல தொட்டுத் தொட்டு தொடச்சு, காயவிட்டு, திரும்ப தொடச்சு, ஆறேழு தடவை. சிலபேரு எண்ணெய் விடச் சொன்னீங்க, நல்லவேளை கேக்கல, பிளேடு காஞ்சுதான் இருக்கணும். இப்ப 1/500 செகண்டு ஷட்டர் ஸ்பீடு டிக்னு விழுது. 1 செகண்டு ஸ்பீடு மட்டும் இன்னும் இழுக்குது, அதுக்கு உள்ள தனி கியர் செட்டு, அதை நான் தொடமாட்டேன்ப்பா. ரோல் போட்டாச்சு, நாளைக்கு தெப்பக்குளம்.