கீழ்வெண்மணி ஆய்வு: எந்த மட்டத்திலிருந்து தொடங்குவது?

ஆய்வு மாணவி:
முனைவர் பட்டத்துக்குக் கீழ்வெண்மணியை எடுத்திருக்கிறேன். அன்றைய கீழத்தஞ்சை ஊர் அது; கூலி கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவு மிராசுதாரர் (பெரு நிலக்கிழார்) தரப்பு வைத்த தீயில் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள். நெறியாளர், "இது மாநில அரசியல், அந்த மட்டத்திலேயே எழுது" என்கிறார். நாலு தடவை ஊருக்குப் போய் வந்த எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்க?

கடைமடைக்காரன்:
உங்கள் நெறியாளர் சொல்வது பாதி சரி. பதினைந்து வருடம் முன்பு அந்தப் பக்கத்து ஊர்களில் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்தவன் நான். போன புதிதில் "கலவரம் எப்படி ஆரம்பித்தது?" என்றுதான் கேட்பேன். ஒரு பாட்டி பதிலே சொல்லவில்லை. உள்ளே போய் நெல் அளக்கும் ஒரு பழைய மரக்காலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இதைக் கேளு தம்பி."

அன்றோடு கேள்வியை மாற்றிவிட்டேன். கூலியை எதில் அளந்தார்கள், அளந்தது யார் கை? அப்புறம் பேச்சு தானாக வந்தது. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டது களத்து விவகாரம். ஆனால் அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கியதும், தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்கச் சொன்னதும் ஒரு ஊர் மிராசுதாரால் மட்டும் ஆகிற காரியமா? வட்டாரம் முழுக்க மிராசுதாரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. சென்னை அதற்கும் மேலே. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அங்கிருந்துதான் வந்தது. நெல்லைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுங்கள், மட்டங்கள் தானாக வரும்.

பழைய வக்கீல்:
இந்த வழக்கின் 1973 உயர்நீதிமன்றத் தீர்ப்பை விட்டுவிடாதீர்கள். பணக்காரர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிறது. எல்லோரும் விடுதலை. யார் நடப்பார், யார் நடக்க மாட்டார் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். வேறென்ன சொல்ல.

கடைமடைக்காரன்:
இன்னொன்று. ஆய்வெல்லாம் தீயோடு முடிந்துவிடுகிறது. காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அங்கேயே தங்கி, 1981-ல் நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் லாப்டி (LAFTI) அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலைக்கு வாங்கிப் பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தார்களே, அதையும் சேருங்கள். அமைதிப் பேச்சுவார்த்தையைத் தேடாதீர்கள், பத்திரத்தைத் தேடுங்கள்.

ஆய்வு மாணவி:
நன்றி ஐயா. திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கப் போகிறேன். அந்த மரக்கால் இன்னும் அந்த வீட்டில் இருக்குமா?

கடைமடைக்காரன்:
பாட்டி போய்விட்டார். பேரன் அதில் கோழிக்குத் தீனி வைக்கிறான்.