கியூபிட்டின் டி1 60 மைக்ரோநொடி இருக்கு, எக்கோ 12-ஐத் தாண்ட மாட்டேங்குது

கேள்வி
அதிர்வெண் மாறாத டிரான்ஸ்மான் (மீகடத்திச் சுற்றால் ஆன) கியூபிட், 5 கிகாஹெர்ட்ஸ். கியூபிட் நிலையைப் படிக்கும் ரீட்அவுட் ரெசொனேட்டர் 7 கிகாஹெர்ட்ஸ், அகலம் 0.5 மெகாஹெர்ட்ஸ், கியூபிட் நிலை மாறினால் நகர்வதும் அதே 0.5. டி1 (ஆற்றலை இழக்கும் நேரம்) 60 மைக்ரோநொடி; கட்டம் (ஃபேஸ்) கலையும் நேரம் ராம்சே அளவீட்டில் 11, நடுவில் நிலையைப் புரட்டும் எக்கோ அளவீட்டில் 12. ஃப்ரிட்ஜின் அடித்தட்டு (சிப் இருக்கும் மிகக் குளிர்ந்த தட்டு) 12 மில்லிகெல்வின். உள்வரும் லைனில் சிக்னலையும் இரைச்சலையும் குறைக்கும் அட்டெனுவேட்டர்: 4 கெல்வின் தட்டில் 20 டெசிபெல், அடித்தட்டில் 20. வெளிப்பக்கம் இரண்டு ஐசொலேட்டர் (ஒரு திசையில் மட்டும் சிக்னலை விடுபவை). கோளாறு சிப்பிலா, வயரிங்கிலா?

பதில் 1
சிப்பை விடுங்க. ராம்சேயும் எக்கோவும் ஒட்டி நிற்கிறதே, அதுதான் துப்பு. மெதுவாக அலையும் இரைச்சலை, எக்கோவில் நடுவில் போடும் பை பல்ஸ் (கியூபிட்டைப் புரட்டும் துடிப்பு) கழித்துவிடும். இரைச்சல் அப்படிப்பட்டதாக இருந்தால் எக்கோ நன்றாக நீண்டிருக்கும். இங்கே இரைச்சல் வேகமானது. ரெசொனேட்டருக்குள் வந்துபோகும் வெப்ப ஃபோட்டான்கள் மேல்தான் என் சந்தேகம். ஒரு ஃபோட்டான் உள்ளே தங்குவது சுமார் 0.3 மைக்ரோநொடி, அதற்குள் கியூபிட்டின் கட்டத்தை ஏறக்குறைய 1 ரேடியன் திருப்பிவிடும். ஆற்றலைத் தொடாது, அதனால் டி1-ல் எதுவும் தெரியாது.

1/12-லிருந்து 1/120-ஐ (120 என்பது டி1-ன் இருமடங்கு) கழித்தால் தூய கட்ட இழப்பு நேரம் 13.3 மைக்ரோநொடி. அதற்கு சராசரி 0.05 ஃபோட்டான் போதும், அதாவது ரெசொனேட்டர் 110 மில்லிகெல்வினில் இருப்பது போல. தெர்மாமீட்டர் தட்டைப் பார்க்கிறது, ரெசொனேட்டர் கேபிளைப் பார்க்கிறது!

அறைவெப்பத்திலிருந்து வரும் 890 ஃபோட்டான், இரண்டு அட்டெனுவேட்டரும் சேர்ந்த 40 டெசிபெல்லில் 0.09 ஆகும். 4 கெல்வினின் 11 ஃபோட்டான், அடித்தட்டின் 20 டெசிபெல்லில் 0.11. கேபிள் இழப்பு போக 0.05 மிஞ்சுவதில் ஆச்சரியமில்லை.

கேட்டவர்
ஃப்ரிட்ஜைத் திறக்காமல் உறுதிப்படுத்த முடியுமா?

பதில் 1
முடியும். ஹீட்டரால் அடித்தட்டை 20, 40, 60, 100 மில்லிகெல்வின் என ஏற்றி ஒவ்வொன்றிலும் எக்கோ எடுங்க. 60 வரை அசையாமல், 100-ல் சரிந்தால் ஃபோட்டான்தான். 8 பை பல்ஸ் போட்டும் பாருங்க: இடைவெளி 1.5 மைக்ரோநொடி, 0.3-ஐ விடப் பெரிது, எனவே கட்டம் கலையும் நேரம் நீளக் கூடாது. நீண்டால் நான் சொன்னது தப்பு.

உறுதியானால் இன்னொரு 20 டெசிபெல்லை 100 மில்லிகெல்வின் தட்டில் வையுங்க. அடித்தட்டில் சேர்த்தால் ரீட்அவுட் பவரின் சூடு அங்கேதான் இறங்கும். செப்புக் கவ்வியால் இறுக்குங்க. அறையில் வீச்சு 10 மடங்கு தேவைப்படும், சோர்ஸ் தாங்குமா பாருங்க.

பதில் 2
அதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று: ரீட்அவுட் மிக்சரின் (பல்ஸை உருவாக்கும் கருவி) கேரியர் கசிவு, அதாவது பல்ஸ் இல்லாதபோதும் ஒழுகும் சிக்னல், 7 கிகாஹெர்ட்ஸில் விழுந்தாலும் இதே அறிகுறிதான். எக்கோ ஓடும்போது ரீட்அவுட் சோர்ஸை ஸ்விட்சால் துண்டித்து, அளக்கும்போது மட்டும் இணையுங்க. எக்கோ 12-லிருந்து ஏறினால் அட்டெனுவேட்டர் வாங்க வேண்டியதில்லை.