டின் விசிலில் விப்ராட்டோ: மூச்சாலா, விரலாலா?

கேள்வி: வேய்நாதம்

இளமையில் கர்நாடகப் புல்லாங்குழல் பயின்ற நான், இப்போது டி சுருதி டின் விசிலில் (நேராகப் பிடித்து ஊதும் ஆறு துளை உலோகக் குழல்) அயர்லாந்து நாட்டின் ஸ்லோ ஏர் எனப்படும் தாளக்கட்டற்ற நெடிய மெட்டுகளை வாசிக்கப் பழகி வருகிறேன். நீண்ட சுரங்களில் நல்ல வாசிப்பாளர்கள் எழுப்பும் விப்ராட்டோ என்னும் மெல்லிய அசைவைக் கொண்டுவர முயலும்போதுதான் சிக்கல் எழுகிறது. வயிற்றிலிருந்து மூச்சை ஏற்றி இறக்கினால் நடுச் சுரங்களில் ஓரளவு அமைகிறது. ஆனால் ஆறு துளைகளையும் மூடிய கீழ் டி சுரத்தில் சிறிது அழுத்தம் கூடினாலும் நாதம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. பதிவு செய்து கேட்டால் மற்ற சுரங்களும் ஆடு கத்துவதைப் போலவே ஒலிக்கின்றன.

விரலால் செய்யும் முறை ஒன்று உண்டென்று அறிவேன். ஆனால் அடுத்த துளையை மூடித் திறந்தால் அது அடுத்த சுரமாகவே மாறி, இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி ஒலிக்கும் டிரில்லாக முடிகிறது. எந்தச் சுரத்திற்கு எந்த விரலை அசைக்க வேண்டும், இதை ரீல், ஜிக் போன்ற விரைவான நடன மெட்டுகளிலும் பயன்படுத்துகிறார்களா, கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து ஒலிக்கும் கம்பிதம் வாசித்த பழக்கம் இங்கே கைகொடுக்குமா என்பனவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஆறுதுளை

நீங்கள் அசைக்கும் துளை ஒரு படி மேலே இருக்கிறது என்பதே டிரில்லுக்குக் காரணம். ஒலிக்கும் சுரத்திற்குக் கீழே முதலில் திறந்திருக்கும் துளையைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்கும் அடுத்த துளையின் மேல் விரலைத் தட்டினால், சுரம் மாறாமல் சுருதி மட்டும் சிறிதளவு இறங்கி ஏறும். வாய்ப்பக்கத்திலிருந்து துளைகளை எண்ணுவோம். முதல் மூன்று துளைகளை மூடிய ஜி சுரத்தில் நான்காவது திறந்தே இருக்கட்டும். வலக்கையின் நடுவிரலால் ஐந்தாவதை அசையுங்கள். ஏயில் மூன்றாவதை விட்டு, வலக்கைச் சுட்டுவிரலால் நான்காவதை அசைக்கலாம்; அசைவு போதவில்லை என்றால் ஐந்தாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். பியில் இரண்டாவதை விட்டு மூன்றாவதையோ, இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் நான்காவதையோ அசைப்பார்கள். எஃப் ஷார்ப்பில் ஐந்தாவதை விட்டு ஆறாவது.

ஈயில் ஆறாவது துளை ஒன்றே மீதமிருப்பதால் அதை முழுவதும் மூட வழியில்லை. வலக்கை மோதிர விரலைத் துளையின் ஓரத்திற்கு நெருக்கி, பாதி நிழல் விழும் அளவுக்கு மட்டும் கொண்டுவந்து விலக்க வேண்டும். கர்நாடகக் குழலில் துளையைப் பாதி மூடிப் பழகிய உங்களுக்கு இது எளிதாகவே வரும். கம்பிதப் பயிற்சியால் கிடைக்கும் உதவி இந்த விரல் நயம் மட்டுமே என்பது என் கருத்து. கம்பிதம் ராகத்தில் அந்தச் சுரத்தின் வடிவத்தையே தீர்மானிப்பது. அதை நீக்கினால் ராகம் குலையும். அயர்லாந்து மெட்டில் விப்ராட்டோவை அடியோடு நீக்கினாலும் மெட்டு முழுமையாகவே நிற்கும். ஆகவே அதே அகலத்தில், அதே இடைவிடாத தன்மையில் இங்கே அசைத்தால் அந்நியமாகவே ஒலிக்கும்.

நடன மெட்டுகளில் இதற்குப் பெரும்பாலும் இடமில்லை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நிமிடத்திற்கு 110 அடிகள் செல்லும் ரீலில் ஓர் அடிக்கு நான்கு சுரங்கள் என்றால் ஒரு சுரத்தின் ஆயுள் ஏறத்தாழ 0.14 நொடி. நொடிக்கு ஐந்து முறை அசையும் விப்ராட்டோவின் ஒரு சுற்றுக்கே 0.2 நொடி தேவைப்படுகிறது. மூன்று சுரங்களின் அளவுக்கு நீளும் இடங்களில் இரண்டு சுற்றுகள் அடங்கக்கூடும். ஆனால் அந்த இடங்களில்தான் ஒரே சுரத்தை விரல் தட்டல்களால் பிரித்து ஒலிக்கும் ரோல் என்னும் அணியை வைப்பது வழக்கம்.

மறுமொழி: கீழ்ஸ்தாயி

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் மூச்சு விப்ராட்டோவை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் அயர்லாந்து இசைஞர் ஃபின்பர் ஃப்யூரிக்காகக் கருவி செய்பவரான பெர்னார்ட் ஓவர்ட்டன் செய்துகொடுத்த பெரிய குழாயிலிருந்து பரவிய, தாழ்ந்த சுருதி கொண்ட லோ விசிலைத்தான் நான் வாசிக்கிறேன். அதில் மூச்சின் அசைவு இதமாகவே அமைகிறது. கீழ் டியில் விரலுக்கு வேலையே இல்லாததால் அங்கே வேறு வழியும் இல்லை. தொண்டையை இறுக்கி அசைப்பதே ஆட்டுக் குரலுக்குக் காரணம். தொண்டையைத் தளர்த்தி, வயிற்றுத் தசையால் மட்டும், கேட்பவர் அசைவென்று உணரும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திப் பாருங்கள். கீழ் டியில் அழுத்தத்தை உயர்த்தித் தாழ்த்துவதை விட, வழக்கமான அழுத்தத்திலிருந்து மிகச் சிறிது தாழ்த்தி மீண்டும் அதே நிலைக்கு வருவது பாதுகாப்பானது.

மறுமொழி: குழலாய்வு

இதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் இரண்டு முறைகளுக்கும் உள்ள எல்லைகள் தெளிவாகும். விசிலில் காற்று செல்லும் தடம் நிலையானது. புல்லாங்குழலில் உதட்டைத் திருப்பியோ நெருக்கியோ சுருதியைச் சரிசெய்வதுபோல இங்கே செய்ய இயலாது. அழுத்தம் கூடினால் ஒலியின் பருமனும் சுருதியும் ஒன்றாகவே உயரும், குறைந்தால் இரண்டும் ஒன்றாகவே தாழும். மூச்சு விப்ராட்டோ தடித்து ஒலிப்பதற்கு இதுவே காரணம். விரல் விப்ராட்டோவில் ஒலியளவு பெரும்பாலும் மாறாமல் சுருதி மட்டும் அசைகிறது. அதுவும் சுரத்திலிருந்து கீழ்நோக்கி மட்டுமே. இதனால் நீண்ட நேரம் அசைத்தால் சுரம் முழுவதுமே சற்று இறங்கிவிட்டதாகச் செவி உணரும்.

மேல் ஸ்தாயியில் இதே விரல் அசைவு கூடுதல் மாற்றத்தைத் தருவதையும் நீங்கள் கவனித்திருக்கலாம். அதிர்வெண் உயர உயர ஒலியலை முதல் திறந்த துளையைக் கடந்து குழாயினுள் மேலும் ஆழமாகச் செல்வதால், கீழேயுள்ள துளைகளை மூடுவதன் பாதிப்பு மிகுகிறது. சிறிய துளைகளைக் கொண்ட விசில்களிலும் அவ்வாறே. எனவே கீழ் ஸ்தாயியில் பழகிய அளவை மேலே அப்படியே கொண்டுசெல்லாமல், மேலே துளையின் ஓரத்தை மட்டும் தொடுவது நல்லது.

விரல் முறை அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. 1707இல் வெளியான தம் குழல் பயிற்சி நூலில் பிரெஞ்சு இசைஞர் ஓத்தெத்தேர் இதை ஃப்ளாத்மான் என்ற பெயரில் சுரம் சுரமாக விளக்குகிறார். எல்லாத் துளைகளும் மூடிய டிக்கு அவர் காட்டும் வழி, குழலையே கையால் அசைப்பது. பக்கவாட்டில் பிடிக்கும் குழலில் வாய்க்கும் துளைக்கும் உள்ள உறவு மாறுவதால் அது பயன்படுகிறது. விசிலில் அந்த உறவு மாறாது என்பதால் அசைத்தும் பயனில்லை.

அயர்லாந்தில் விரல் முறை வேரூன்றியதற்கு இல்லன் பைப் என்னும் பைக்குழலுக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன். அந்தக் கருவிக்குக் காற்றைத் தருவது முழங்கையால் இயக்கப்படும் துருத்தி. வாய் ஈடுபடுவதே இல்லை. பைப் வாசிப்பவருக்கு விரல் தவிர வேறு வழி இல்லை. அவர்களில் பலர் விசிலையும் வாசித்தவர்கள்.

வேய்நாதம்

அனைவருக்கும் நன்றி. ஜி, ஏ இரண்டிலும் உடனே பலன் தெரிந்தது. ஆனால் நடுவிரலை வேகமாக அசைக்கும்போது கை முழுவதும் நடுங்கி, இடக்கை விரல்களுக்கு அடியில் காற்று கசிகிறது. மேலும், முதல் துளையைத் திறந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் மூடி எடுக்கும் சி நேச்சுரலில் எந்த விரலை அசைப்பது என்பதும் விளங்கவில்லை.

மறுமொழி: ஆறுதுளை

அந்த சியில் முன்பு சொன்ன விதியைத் தளர்த்தலாம். பல விசில்களில் நான்காவது துளையைக் கூடுதலாக மூடினாலும் அது சியாகவே நிற்கும், சற்றே இறங்கும். எனவே அடுத்துள்ள அந்தத் துளையையே வலக்கைச் சுட்டுவிரலால் அசைக்கலாம். உங்கள் கருவியில் அது அதிகமாக இறங்கினால் ஐந்தாவதற்குச் செல்லுங்கள்.

கை நடுங்குவது பிடியின் குறை. வலக்கைக் கட்டைவிரல் அடியிலும் சுண்டுவிரல் ஆறாவது துளைக்குக் கீழேயுள்ள வெற்றிடத்திலும் ஊன்றி நிற்கட்டும். அசையும் விரல் நீட்டியபடியே அடிமூட்டிலிருந்து மட்டும் இயங்கட்டும், மணிக்கட்டு சேரக் கூடாது. தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 அடிகளில் வைத்து அடிக்கு இரண்டு, பின்பு மூன்று, பின்பு நான்கு அசைவுகள் எனப் பழகுங்கள். 80இல் அடிக்கு நான்கு என்ற நிலையை அடைந்தால் நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் வந்துவிடும். அதைவிட விரைவு தேவைப்படாது.

வேகம் கைவந்த பிறகு அந்த ஒழுங்கைக் கைவிடவும் வேண்டும். ஸ்லோ ஏர்களில் பெரும்பாலானவை ஷான் நோஸ் என்னும் துணைக்கருவியற்ற பாடல் மரபிலிருந்து வந்தவை. அந்தப் பாடகர்கள் பொதுவாகக் குரலை நடுங்கவிடாமல் நேராகவே நிறுத்துவார்கள். ஆகவே நீண்ட சுரத்தை முதலில் அசைவின்றி நிற்கவிட்டு, பிற்பாதியில் மெதுவாகத் தொடங்கி, மூச்சு முடியும் முன்பே அசைவை நிறுத்திவிடுங்கள். எல்லா நீண்ட சுரங்களுக்கும் இதைச் செய்ய வேண்டாம். சொற்றொடர் முடியும் இடங்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். கீழ் டியில் முடியும் சொற்றொடர்களில் நான் விப்ராட்டோவையே தவிர்த்து, அதற்கு முந்தைய ஈயையோ எஃப் ஷார்ப்பையோ அசைத்துவிட்டு டியை நேராக விடுகிறேன்.