அமார்ஃபஸ் ஜெர்மேனியம் ஃபிலிம், கிராஃப் நேர்கோடா வரமாட்டேங்குது

எம்எஸ்சி_கடைசிவருஷம்:
ப்ராஜெக்ட்டுக்கு ஜெர்மேனியத்த வேக்குவம்ல ஆவியாக்கி கண்ணாடி ஸ்லைடு மேல ஃபிலிமா போட்டிருக்கேன், அலுமினியம் கான்டாக்ட், மல்டிமீட்டர் இல்ல எலக்ட்ரோமீட்டர்தான், ரூம் டெம்பரேச்சர்ல இருந்து லிக்விட் நைட்ரஜன் 77 கெல்வின் வரைக்கும் ரீடிங் எடுத்தாச்சு. செமிகண்டக்டர்னா லாக் ஆர்-ஐ (ஆர் ரெசிஸ்டன்ஸ், டி கெல்வின் டெம்பரேச்சர்) 1/டி-க்கு எதிரா போட்டா நேர்கோடு வரணும்ல? எனக்கு வளைஞ்சுகிட்டே போகுது, குளிர குளிர சாய்வு குறையுது. எந்த இடத்து சாய்வ வச்சு ஆக்டிவேஷன் எனர்ஜி (கரண்ட் ஓட எலக்ட்ரானுக்கு வேண்டிய எனர்ஜி) எழுதுறது? கான்டாக்ட் போச்சா?

ஹாப்பிங்_மாமா:
வோல்டேஜ பாதியாக்கினா கரண்ட்டும் பாதியாகுதா பாருங்க. ஆச்சுன்னா கான்டாக்ட்ட சந்தேகப்படாதீங்க.

நீங்க போடுற ஃபார்முலா கிரிஸ்டலுக்கு. இந்த ஃபிலிம்ல அணுங்க ஒழுங்கா அடுக்கியிருக்காது, அறுந்த பாண்ட் ஏகப்பட்டது, அதனால கேப் (கிரிஸ்டல்ல எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளி) நடுவுலயே ஃபெர்மி லெவல் (எலக்ட்ரான் எதுவரைக்கும் நிரம்பியிருக்கோ அந்த எனர்ஜி மட்டம்) பக்கத்துல எலக்ட்ரான் உக்கார நெறைய இடம், அதாவது ஸ்டேட் இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் அதது இடத்துலயே முடங்கிக் கெடக்கும் (ஆண்டர்சன் 1958-லயே சொன்ன விஷயம், 1977-ல நோபல்). எலக்ட்ரான் ஓடாது, தாவும். பக்கத்து ஸ்டேட்டுக்குப் போக எனர்ஜி ஜாஸ்தி வேணும், எனர்ஜி ஒத்துப்போறது எங்கயாவது தள்ளி இருக்கும், ஆனா தூரம் கூடக்கூட டனலிங் (தடைய ஊடுருவித் தாவுற வாய்ப்பு) மளமளன்னு சரியும். குளிர்ல ஃபோனான் (அணுக்களோட அதிர்வு) குடுக்குற எனர்ஜி கம்மி, அதனால தூரமா தாவுறதுதான் கட்டுப்படியாகும். இதையே கணக்கா போட்டு டி-யோட மைனஸ் 1/4 பவருக்கு லாக் ஆர் நேர்கோடா வரும்னு இயற்பியலாளர் மாட் காட்டினாரு. போட்டுப் பாருங்க.

எம்எஸ்சி_கடைசிவருஷம்:
நேரா வருதுண்ணே!! 1/4-னு ரிப்போர்ட்ல எழுதிடலாமா?

கிரையோஸ்டாட்:
அவசரப்படாதீங்க தம்பி. 300-ல இருந்து 77-க்கு வந்தாலும் அந்த மைனஸ் 1/4 பவர் 0.24-ல இருந்து 0.34-க்குதான் போகுது, இவ்ளோ சின்ன ரேஞ்சுல 1/3 போட்டாலும் 1/2 போட்டாலும் கண்ணுக்கு நேராதான் தெரியும். 1/3-னா ஃபிலிம் தாவுற தூரத்தவிட மெலிசு, 1/2-னா எலக்ட்ரான்களுக்குள்ள கூலூம் தள்ளல் (ஒரே சார்ஜ் ஒண்ண ஒண்ணு விலக்குறது), எஃப்ரோஸ், ஷ்க்லோவ்ஸ்கினு ரெண்டு இயற்பியலாளர்கள் 1975-ல போட்ட கணக்கு. லாக் ஆர்-ஐ லாக் டி-ஆல டிஃபரென்ஷியேட் பண்ணி, மைனஸ் குறிய எடுத்துட்டு, அதோட லாக்-ஐ லாக் டி-க்கு எதிரா போடுங்க, சாய்வு எவ்ளோ இறங்குதோ அதான் பவர். டெரிவேட்டிவ் எடுத்தா நாய்ஸ் பெருசாகும், ரீடிங் நெருக்கமா எடுங்க.

முடிஞ்சா கிரிஸ்டல் ஆகாத சூட்டுல ஒரு தடவ அனீல் பண்ணுங்க (சூடாக்கி ஆறவிடுங்க). ஒழுங்கு கூடினா ரெசிஸ்டன்ஸ் குறையும்னுதான நெனப்போம்? இங்க ஏறும், அறுந்த பாண்ட் குறைஞ்சா தாவ இடமும் குறையுதே. வைவால கண்டிப்பா கேப்பாங்க.

எம்எஸ்சி_கடைசிவருஷம்:
வேக்குவம் ஓவன் வியாழக்கிழமைதான் கிடைக்கும், அதுக்குள்ள டெரிவேட்டிவ் போட்டுட்டு கிராஃப் இங்கயே போடுறேன்.