தொடை இடுக்கில் ஏன் ஸ்டென்ட் வேண்டாம் என்கிறார்கள்?

வைகறை: எனக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. நூறு மீட்டர் நடந்தாலே இடது புட்டமும் தொடையும் இழுத்துப் பிடிக்கிறது. சி.டி. ஆஞ்சியோவில் (ரத்தக் குழாய் ஸ்கேன்) இடது இலியாக் தமனியில், அதாவது வயிற்றிலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில், கடும் சுருக்கம். அதற்குக் கீழே, இடுக்கில் அதன் தொடர்ச்சியான காமன் ஃபெமரல் தமனி சுண்ணாம்பு படிந்து ஏறக்குறைய மூடியிருக்கிறது. மேலே ஸ்டென்ட், கீழே கீறித் திறந்து சுத்தம் செய்வது என்கிறார் சர்ஜன். இரண்டுக்கும் ஸ்டென்டே வைத்தால் கீறலே வேண்டாமே?

செந்தூரன்: உட்காரும்போதும் எழும்போதும் மடங்கும் இடம் அது. ஸ்டென்ட் நசுங்கலாம், உடையலாம். அதைவிடப் பெரிய காரணம் ஆழ்தொடைத் தமனி. காமன் ஃபெமரல் இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் அதன் வாய் இருக்கிறது. முழங்கால் நோக்கி இறங்கும் கிளை நாளை அடைத்துக்கொண்டாலும் இந்தக் கிளைதான் காலைக் காப்பாற்றும். ஸ்டென்ட் கம்பி அந்த வாயை மறைத்தால் மீட்பது கஷ்டம். திறந்து செய்தால் அந்த வாயையும் சேர்த்துச் சுரண்டிவிடலாம்.

நீலாம்பரி: செய்முறை இது. மேலும் கீழும் நோயில்லாத இடம் வரை தமனியைப் பிரித்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் (வழக்கமாக 5000 யூனிட்) கொடுத்து, சில நிமிடம் கழித்தே கிளாம்ப் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். நீளவாக்கில் வெட்டி, சுண்ணாம்புப் படிவை உள்சுவரோடு உரித்தெடுப்பார்கள். கீழ் முனையில் உள்சுவர் தளர்ந்து நின்றால் ரத்த ஓட்டம் அதைத் தூக்கி மடக்கி அடைத்துவிடும். அதனால் மெல்லிய, கரையாத புரோலீன் இழைத் தையலால் பதித்துவிட வேண்டும். வெட்டை நேராகத் தைத்தால் குழாய் குறுகும். மாட்டு இதயவுறையிலோ காலின் சொந்தச் சிரையிலோ ஒட்டு வைத்து மூடுவார்கள். இலியாக் ஸ்டென்டை வழக்கமாக அதே அமர்வில் வைப்பார்கள். மேலிருந்து ரத்தம் வராவிட்டால் புது ஒட்டு சீக்கிரமே உறைந்துவிடும்.

செந்தூரன்: தொல்லை தருவது பெரும்பாலும் காயம்தான், அதுவும் சர்க்கரை நோயாளிக்கு. இடுக்கில் நிணநீர் ஓடும் நுண்குழாய்களான நிணநாளங்களை வெட்டி அப்படியே விட்டால் தெளிந்த நீர் கசியும், கிருமி ஏறும். ஒவ்வொன்றையும் கட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போனபின் இடுக்கை உலர்வாக வையுங்கள். கால் திடீரென்று குளிர்ந்து வெளுத்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் தொடரும். புகை இருந்தால் நிறுத்தியே ஆகவேண்டும்.

வைகறை: புரிகிறது. மகாதமனியும் இரு பக்க இலியாக்கும் முழுக்க அடைத்திருந்தால்?

நீலாம்பரி: இப்போது அதற்கும் பலருக்கு ஸ்டென்ட் முயல்வார்கள். முடியாதபோது, உடல் தாங்குமானால், வயிற்றைத் திறந்து டாக்ரான் என்ற செயற்கை இழையால் ஆன ஒய்-வடிவக் குழாய் வைப்பார்கள்: விட்டம் தண்டு 16, கிளைகள் 8 மில்லிமீட்டர், சிறிய உடலுக்கு 14, 7. கிளைகளை இடுக்குக்குக் கொண்டுவரும் சுரங்கம், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய்க்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் சிறுநீர்க்குழாய் நசுங்கிச் சிறுநீரகம் வீங்கும்.