போலோ ஜிடி டிடிஐ: டர்போ ஹோஸ் லீக் பார்க்க நல்ல இடம் தெரியுமா?

வணக்கம். என்னுடைய ஃபோக்ஸ்வேகன் கார் 2013 மாடல், 1.6 லிட்டர் டீசல். 1,72,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கோவையிலிருந்து மைசூர் போகும்போதெல்லாம் திம்பம் மலைப்பாதைதான். 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் முடிந்து இரண்டாவது கியரில் மிதித்தால், 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் முதுகை சீட்டோடு அழுத்தும். அந்த இழுவைக்காகவே வண்டியை விற்க மனசு வரவில்லை.

போன வாரம் அங்கேயே இழுவை குறைந்து, விசில் போலச் சத்தம், பின்னால் கரும்புகை. பானெட்டைத் திறந்தால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் கிளிப் ஓரமாக எண்ணெய்ப் பிசுக்கு. பழைய ரப்பர், வெடித்திருக்கும் என்று நினைக்கிறேன். மெக்கானிக்கோ டர்போவையே மாற்றச் சொல்கிறார்.

கோவை, ஈரோடு பக்கம் ஸ்மோக் டெஸ்ட் செய்து (ஹோஸுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்த்து) லீக் கண்டுபிடிக்கும் ஒர்க்‌ஷாப் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றியவர்கள் செலவு எவ்வளவு ஆனது என்றும் எழுதுங்கள்.